நன்றியக்கா நிரப்பாத படிவம்

பெற்றோர் வைத்த பெயர் அவருக்குச் சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருந்தது. மற்ற எல்லா இடத்திலும் நன்றியக்கா. எங்கள் இயக்குநர் அவரைவிட ஏழு வயது மூத்தவர். அவரும் "நன்றியக்கா வந்தாச்சா?" என்றுதான் கேட்பார். "சார், நீங்க என்னை அக்கான்னா நான் உங்களை என்னன்னு கூப்பிடறது?" என்று ஒருநாள் கேட்டே விட்டார். பயனில்லை. ஒட்டிய பெயர் ஒட்டியதுதான்.

பள்ளிகளில் அமலாகும் திட்டங்களால் பிள்ளைகளுக்கு நிஜமாகவே ஏதாவது நல்லது நடக்கிறதா என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவது எங்கள் நிறுவனத்தின் வேலை. நாற்காலிக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. பதினான்கு பேர். அறிக்கையின் அட்டையில் பெயர் வருவதற்கு அடிதடி நடக்கும். கடைசிப் பக்கத்தைச் சீந்துவாரில்லை. அந்தப் பக்கத்தில் மேலே நன்றியுரை இருக்கும். யார் யார் உதவினார்கள் என்ற பட்டியல். கீழே நலன்முரண் அறிவிப்பு. இந்த ஆய்வைச் செய்தவர்களில் யாருக்காவது, முடிவு இப்படி வந்தால் தேவலை என்று நினைக்கத் தூண்டும் தொடர்பு உண்டா, உண்டென்றால் என்ன என்று வாசிப்பவரிடம் ஒளிக்காமல் சொல்லும் நாலைந்து வரிகள். இந்த இரண்டையும் ஆளாளாகத் துரத்தி, கேட்டு, எழுதி என் மேஜைக்குக் கொண்டுவந்து சேர்ப்பவர் நன்றியக்கா. நான் பக்கம் அமைப்பவன். அறிக்கை எங்கே சுற்றினாலும் கடைசியில் என் தலையில்தான் வந்து விழும். அதனால் எனக்குக் கோபம் சற்று அதிகம். மற்றவர்கள் சற்று என்று சொல்ல மாட்டார்கள்.

நன்றி சொல்வதில் அவ்வளவு கறாரான ஆளை நான் பார்த்ததில்லை. யாருக்காவது நன்றி என்று அச்சில் போட வேண்டுமென்றால் முதலில் அவரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்பார். "அவங்க பேரைப் போட்டா, அவங்க இந்த அறிக்கையைப் படிச்சு ஒத்துக்கிட்டாங்கன்னு படிக்கிறவங்க நினைப்பாங்க தம்பி. ஒருத்தர் பேரை இரவல் வாங்கிக்கிட்டுத்தானே நாம பெரிய ஆளாகிறோம்?" ஓர் ஆய்வாளர் இருபத்துமூன்று பேருக்கு நன்றி எழுதிக் கொடுத்தார். அதில் ஒரு புகழ்பெற்ற பேராசிரியர் செய்த உதவி, தொலைபேசியில் "நான் வெளியூர்ல இருக்கேன், அப்புறம் பேசுங்க" என்று சொன்னது. இன்னொருவர் ஆய்வாளரின் மாமனார்.

"மாமனார் என்ன செஞ்சார்?"

"ஊக்கம் கொடுத்தார்க்கா."

"அதுக்கு வீட்டுல போய் கையைப் பிடிச்சு நன்றி சொல்லுங்க. இங்க இடம் இல்ல."

இருபத்துமூன்று பேர் ஆறு பேரானார்கள். அந்த ஆய்வாளர் ஒரு மாதம் அவருடன் பேசவில்லை. மாமனாரும் பேசவில்லை என்று கேள்வி.

ஒருமுறை முந்நூறு பிரதிகள் அச்சாகிக் கட்டுக்கட்டாக வந்து இறங்கிவிட்டன. நன்றியக்கா ஒரு பிரதியைப் புரட்டிவிட்டு என் மேஜைக்கு வந்து நின்றார். முகமே சரியில்லை. அறிக்கைக்குள் பள்ளிகளின் பெயர்களை மறைத்து எண் போட்டிருந்தோம். அப்படித்தான் அவர்களிடம் வாக்குக் கொடுத்திருந்தோம். ஆனால் நன்றியுரையில் கடைசி நேரத்தில் யாரோ ஒரு தலைமையாசிரியையின் பெயரைச் செருகியிருக்கிறார்கள். அந்தப் பெயரை வைத்து, மிக மோசமாக மதிப்பெண் வாங்கிய பள்ளி எது என்று சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும். நான் கத்திய கத்தலில் கீழே நாற்காலிக் கடைக்காரர் மேலே எட்டிப் பார்த்தார். பிறகு இருவரும் உட்கார்ந்து முந்நூறு கடைசிப் பக்கங்களையும் பிளேடால் அறுத்து, புதிய தாளை ஒட்டினோம். இரண்டு நாள் பிடித்தது. நான் புலம்பிக்கொண்டே ஒட்டினேன். அவர் வாயைத் திறக்கவில்லை. என்னைவிட நாற்பது பிரதி அதிகமாக ஒட்டியிருந்தார்.

கண்ணாடி அறுத்து விற்கும் ஒருவரைக் கட்டிக்கொண்டு இருபது வயதில் குடித்தனம் வந்தவர் நன்றியக்கா. தாலி ஏறிய அன்றே தாயாகவும் ஆகிவிட்டேன் என்று சிரிப்பார். கணவருக்குத் தாய் தகப்பன் இல்லை. பதிமூன்று வயதில் ஒரு தங்கை மட்டும் இருந்தாள். இரண்டு அறை வீடு. ஒரே மேஜை. அதன் ஒரு முனையில் நன்றியக்கா பக்கக் கூலிக்கு மாணவர்களின் ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்வார். மறு முனையில் நாத்தனார் படிப்பாள். தட்டச்சுச் சத்தம் நின்றால் அவளுக்குத் தூக்கம் வந்துவிடுமாம். அதனால் வேலை இல்லாத நாளிலும் வெறும் தாளைச் செருகித் தட்டிக்கொண்டிருந்ததாக நன்றியக்கா சொல்வார். அவள் படித்து ஆசிரியை ஆனாள். அன்றிலிருந்து வீட்டில் அவளை அழைப்பது டீச்சரம்மா என்றுதான். கல்யாணமாகிப் போன பிறகும் ஞாயிறு தவறாமல் வந்துவிடுவாள்.

எங்கள் அலுவலகத்தில் கடைசிப் பக்கத்தோடு அவருக்கு இன்னொரு வேலையும் இருந்தது. களப்பணியாளர்கள் பள்ளிகளுக்குப் போய் ஆசிரியர்களிடம் பேட்டி எடுத்து, ஒலிப்பதிவு செய்து வருவார்கள். அதைக் காதில் மாட்டிக் கேட்டு அப்படியே எழுத்தாக்க வேண்டும். மின்விசிறி இரைச்சல், வெளியே லாரி, பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு. இதற்கு நடுவே பேசுபவரின் குரலைப் பிடிக்க வேண்டும். கேட்காத இடத்தில் 'தெளிவாகக் கேட்கவில்லை' என்று எழுதி, எத்தனை வினாடி என்று குறிப்பது வழக்கம். மற்றொரு தட்டச்சாளர் அதைத் தாராளமாகப் போடுவார். நன்றியக்கா போட்டதே இல்லை. நாற்பது தடவை திருப்பிக் கேட்டாவது பிடித்துவிடுவார்.

இந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. பேசுபவர் குரல் நமக்குத் தெரிந்த குரலாக இருந்தால் உடனே பதிவை நிறுத்திவிட்டு மற்றவரிடம் கொடுத்துவிட வேண்டும். அதைப் பெரிய எழுத்தில் அடித்துச் சுவரில் ஒட்டியவரும் நன்றியக்காதான்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். இதில் பாதி எனக்கு அப்போது தெரியாது. புதிர் போட்டு உங்களை அலைக்கழிக்க எனக்குப் பிடிக்காததால் தெரிந்ததையெல்லாம் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

தினமும் காலையில் முதல் இருபது நிமிடம் பிள்ளைகள் பாடப்புத்தகம் அல்லாத ஒரு புத்தகத்தை வாசிக்க வேண்டும் என்று ஒரு திட்டம் வந்திருந்தது. யார் எத்தனை பக்கம் வாசித்தார்கள் என்று ஆசிரியர் ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். திட்டத்தை எல்லாப் பள்ளிகளுக்கும் விரிவாக்கலாமா என்று கண்டறியும் ஆய்வு எங்களிடம் வந்தது. குலுக்கல் முறையில் நாற்பத்திரண்டு பள்ளிகளை எடுத்தோம். பேட்டிப் பதிவுகளில் பத்தொன்பது நன்றியக்காவின் பங்குக்கு வந்தன. அதில் ஒன்று: 'பள்ளி 17, ஆசிரியர் 2'.

பதிவு ஓடத் தொடங்கி இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அது டீச்சரம்மாவின் குரல்.

நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. மற்ற தட்டச்சாளரிடம் கொடுத்தால் அந்த அம்மாள் வாயில் எதுவும் தங்காது. சாயங்காலத்துக்குள் கீழே நாற்காலிக் கடைவரை போய்விடும். நாமே கேட்டு முடித்துவிடலாம் என்று நினைத்தார். கேட்டார். பதினெட்டாவது நிமிடத்தில் டீச்சரம்மா சொன்னாள்: "என் வீட்டுக்காரர் முதுகு ஆபரேஷனாகி ஆஸ்பத்திரியில இருந்தப்ப பதினாலு நாள் வாசிப்பே நடக்கல. அப்புறம் ஒரே மூச்சுல பதினாலு நாளுக்கும் எழுதி நானே கையெழுத்துப் போட்டேன்."

பொய்க் கையெழுத்து. மேலதிகாரி காதில் விழுந்தால் வேலை போய்விடும். அந்த வீட்டில் அப்போது அவள் சம்பளம் ஒன்றுதான். முதுகு ஆபரேஷன் என்ற ஒரு சொல் போதும், பள்ளி எது, ஆள் யார் என்று தெரிந்தவர்கள் கண்டுபிடிக்க. நன்றியக்கா அந்த இடத்தை மூன்று முறை திருப்பிக் கேட்டார். மணி மாதிரி தெளிவான குரல். பிறகு எழுதினார்: 'தெளிவாகக் கேட்கவில்லை, 9 வினாடி.'

வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்லிவிடலாம். நானும் பிறகு அப்படித்தான் சொல்லத் துடித்தேன். ஆனால் அந்த மேஜையின் மறு முனையில் உட்கார்ந்து படித்த பெண்ணின் குரல் காதுக்குள் கேட்கும்போது நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது.

ஐந்து மாதம் கழித்து அறிக்கை அச்சுக்குத் தயாரானது. வழக்கமாக, அட்டையில் பெயர் வரும் ஆய்வாளர்கள் மட்டும்தான் நலன்முரண் படிவத்தை நிரப்புவார்கள். தட்டச்சாளர், ஓட்டுநர், என்னைப் போன்றவர்கள் எல்லாம் கணக்கிலேயே இல்லை. "தரவைத் தொட்ட ஒவ்வொருத்தரும் நிரப்பணும் சார். கை வச்சவன்ல பெரியவன் என்ன, சின்னவன் என்ன?" என்று மூன்று வருடமாக இயக்குநரை அரித்துக்கொண்டிருந்தவர் நன்றியக்கா. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்களே, கல் தேய்ந்தது. அந்த முறை இயக்குநர் ஒத்துக்கொண்டார். "உங்க ஆசைப்படியே எல்லாருக்கும் கொடுங்க நன்றியக்கா" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். நன்றியக்கா சிரிக்கவில்லை என்பதை நான் கவனித்தேன். பல்வலி என்று நினைத்துக்கொண்டேன்.

பதினான்கு படிவங்கள் போயின. பதின்மூன்று திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் 'தொடர்பு எதுவும் இல்லை' என்ற கட்டத்தில் டிக். நானும் அதையேதான் போட்டேன். மீதி ஒன்று அவருடையது.

"அக்கா, உங்க ஃபாரம்?"

"நாளைக்குத் தரேன் தம்பி."

மறுநாளும் நாளைக்கு என்றார். அதற்கடுத்த நாளும். அச்சகத்துக்காரர் தினமும் இரண்டு முறை கூப்பிட்டு என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். நாலாம் நாள் என் பொறுமை போய்விட்டது. எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"ஊருக்குத்தான் உபதேசமா அக்கா? எங்க எல்லாரையும் நாய் மாதிரி துரத்தி வாங்கினீங்க. உங்களுக்கு ஒரு டிக் போட நாலு நாளா? அப்படி என்ன பரம ரகசியம் வச்சிருக்கீங்க?"

அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார். கொஞ்ச நேரம் கழித்து எனக்கே என்னவோ போல் இருந்தது. போய்ப் பார்த்தேன். முதல் மாடித் திருப்பத்தில், கடைக்காரர் போட்டு வைத்திருந்த கால் உடைந்த நாற்காலிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். அழவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, எனக்கு ஒரு ஸ்கூல்ல சொந்தம் இருக்கு. யாருன்னு கேக்காதே. அந்தப் பதிவை நான்தான் டைப் பண்ணேன். ஒன்பது வினாடி நல்லா கேட்டுச்சு. கேக்கலன்னு போட்டுட்டேன்."

பத்தொன்பது வருடத்தில் அவர் ஒரு காற்புள்ளியைக்கூட விட்டவரில்லை.

"சொன்னா அந்த ஆள் மாட்டிக்கும். ஃபாரத்துல 'சொந்தம் உண்டு'ன்னு எழுதினா, எங்க வீட்டுல யார் டீச்சர்னு இந்த ஆபீஸ்ல தெரியாதவங்க யாரு? அது அச்சுல வந்து வெளிய போகும். அவங்க வேலைக்கே ஆபத்து. எழுதாம டிக் போட்டா நான் பொய்க்காரி. நாலு நாளா பேனாவை எடுக்கறேன், வைக்கறேன்."

'யாருன்னு கேக்காதே' என்று சொல்லிவிட்டு, அடுத்த மூச்சில் டீச்சர் என்று சொல்லிவிட்டார். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன். வாழ்க்கையில் நான் நாக்கை அடக்கியது அந்த ஒருமுறைதான்.

"இதுல என்ன கொடுமை தெரியுமா? பேர் வெளிய வராதுன்னு ஒவ்வொரு டீச்சருக்கும் நாம எழுதிக் கொடுக்கறோம். அந்தத் தாளை அடிச்சதே நான்தான். என் வீட்டு ஆள்னு வந்ததும் அதை நானே நம்பல."

"இப்ப என்ன செய்யப் போறீங்க?"

"சொல்லிடப் போறேன். என் வேலை போனா போகட்டும். அவ... அவங்களுக்கு ஒண்ணும் ஆகக் கூடாது."

புதன்கிழமை காலை பதினொரு மணிக்கு வாரக் கூட்டம். நீள மேஜை, பதினான்கு நாற்காலிகள். இயக்குநர் அச்சுத் தேதியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் நன்றியக்கா எழுந்து நின்றார். வழக்கமாக அவர் அந்தக் கூட்டத்தில் நிற்பது யாரையாவது கையெழுத்துக்குப் பிடிக்கும்போதுதான். அதனால் இரண்டு பேர் அனிச்சையாகப் பேனாவை எடுத்தார்கள்.

"சார், என் ஃபாரத்துல டிக் போட முடியாது. நம்ம நாப்பத்திரண்டு பள்ளியில ஒண்ணுல எனக்குச் சொந்தம் இருக்கு. எந்தப் பள்ளின்னு தயவுசெஞ்சு யாரும் கேக்காதீங்க. அப்புறம், நான் டைப் பண்ண பத்தொன்பதுல ஒண்ணுல, ஒன்பது வினாடி கேக்கலன்னு பொய்யா எழுதியிருக்கேன். தப்பு என்னுது மட்டும்தான்."

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். இந்த மனிதர் ஒரு பேச்சில் அவரை வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அனுப்பினால் யாரும் குறை சொல்ல முடியாது.

அப்போது ஓட்டுநர் தொண்டையைக் கனைத்தார். களப்பணியாளர்களை வண்டியில் ஏற்றிப் பள்ளிக்குப் பள்ளி போனவர் அவர்.

"சார், சொந்தம்னா... பொண்டாட்டியும் சொந்தம்தானே? என் சம்சாரம் ஒரு ஸ்கூல்ல ஆயாவா இருக்கு. நம்ம லிஸ்ட்ல இருக்கற ஸ்கூல்தான்."

"இதை ஏன்யா ஃபாரத்துல எழுதல?"

"பணம் காசு வாங்கினியான்னு கேட்டிருக்குன்னு நினைச்சேன் சார். நான் எங்க வாங்கினேன்?"

எங்கள் புள்ளியியலாளருக்குப் பட்டப்பெயர் தசமம். புள்ளிக்குப் பிறகு நாலு இலக்கம் இல்லாமல் பேச மாட்டார். அவர் மெல்லக் கையைத் தூக்கினார். "என் ரெண்டாவது பையன் அதுல ஒரு ஸ்கூல்லதான் படிக்கறான். நாம பிள்ளைகளுக்கு வச்ச வாசிப்புச் சோதனையில அவன் பேப்பரும் இருந்தது. அவன் மார்க்கைப் பார்த்து நானே வருத்தப்பட்டேன். ஆனா நானும் பணத்தைத்தான் நினைச்சேன்."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான். களப்பணியாளர் ஒருவரின் மைத்துனர் ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். மற்றொருவரின் மாமியார் ஒரு பள்ளியின் தலைமையாசிரியை. அந்தப் பேட்டிக்கு இவர் உள்ளே போகவில்லை, ஆனால் வாசலில் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாராம். எழுத்தர் படித்த பள்ளியும் பட்டியலில் இருந்தது. அந்த வாயாடித் தட்டச்சாளரின் சொந்த அக்கா ஒரு பள்ளியில் ஆசிரியை. எனக்கு மட்டும் என்ன வாழ்கிறது? என் மகள் முந்தின வருடம்வரை படித்த பள்ளி அந்தப் பட்டியலில் இருந்தது, அங்கே என் மனைவி பெற்றோர் குழுவில் சண்டை போட்டுவிட்டு வந்தவள். அந்தப் பள்ளியின் பக்கத்தை அமைக்கும்போது கொஞ்சம் மகிழ்ச்சியாகவே அமைத்தேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

கடைசியில் இயக்குநர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னார்: "அந்த வாசிப்புப் புத்தகங்களைத் தேர்வு செஞ்ச குழுவுல என் சம்பந்தி இருக்கார். திட்டத்தோட தொடர்புதான், பள்ளியோட இல்லைன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்."

முதலில் தசமம் சிரித்துவிட்டார். ஓட்டுநர் சிரித்தார். அடக்கிப் பார்த்து முடியாமல் எல்லோரும் சிரித்தோம். பதினான்கு பேரில் பதினொரு பேர். நாமெல்லாம் பள்ளிக்கூடங்களை ஆராயும் மேதைகள். இவ்வளவு சின்ன ஊரில் பள்ளிக்கூடத்தில் உறவு இல்லாதவன் எங்கே இருக்கிறான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. எல்லோரும் நலன் என்றால் காசு என்று படித்திருக்கிறோம். நன்றியக்கா மட்டும் சிரிக்காமல் நின்றுகொண்டே இருந்தார்.

"உக்காருங்க நன்றியக்கா" என்றார் இயக்குநர். "பழைய படிவங்களைக் கிழிச்சுடுங்க. எல்லாரும் ஒழுங்கா மறுபடி எழுதுங்க. அச்சுல, பதினொரு பேருக்கு நாம ஆய்வு செஞ்ச பள்ளிகளோடயோ திட்டத்தோடயோ குடும்பத் தொடர்பு உண்டுன்னு போடுவோம். என் சம்பந்தி விஷயம் தனி வரி. யாருக்கு எந்தப் பள்ளின்னு யாரும் யார்கிட்டயும் சொல்ல வேண்டியதில்ல."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவருக்குச் சொந்தம் உண்டு என்று போட்டால் டீச்சரம்மா மாட்டிக்கொள்வாள். பதினொரு பேருக்கு உண்டு என்று போட்டால் எவனாலும் எதையும் தோண்டி எடுக்க முடியாது. அப்பாடா என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். நன்றியக்காவுக்கும் அது புரிந்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கைகளாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார்.

"ஆனா அந்த ஒன்பது வினாடி வேற" என்றார் இயக்குநர். குரலில் சிரிப்பு இல்லை. "உங்க காதை நம்பித்தானே பத்தொன்பது வருஷம் அறிக்கை எழுதியிருக்கோம். அது தப்பு. ரொம்பத் தப்பு. நீங்க டைப் பண்ண பத்தொன்பது பதிவையும் வெளியூர் ஆள் ஒருத்தர் முதல்லேருந்து கேட்டு எழுதட்டும். எது அந்தப் பதிவுன்னு நமக்குத் தெரிய வேண்டாம். இனிமே பேட்டி டைப் பண்ற வேலை உங்களுக்கு வேண்டாம். கடைசிப் பக்கம் மட்டும் பாருங்க."

"சரிங்க சார்." அந்தச் சரியில் வருத்தம் இருந்தது. ஆனால் அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நாலு நாளாக அடக்கி வைத்திருந்த மூச்சு.

அச்சு ஐந்து வாரம் தள்ளிப்போனது. அச்சகத்துக்காரர் என்னைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. பெயர் போடாத சீட்டில் அவரவர் பள்ளியை மட்டும் எழுதிக் கொடுத்தோம்; எங்கள் உறவுக்காரர்கள் இருந்த அந்த ஒன்பது பள்ளிகளையும் சரிபார்ப்புக்காக நீக்கிவிட்டுத் தசமம் எல்லாக் கணக்கையும் மறுபடி போட்டார். அந்த நாட்களில் நாங்கள் யாரும் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. முடிவு தலைகீழானால் ஒன்றரை வருட வேலை குப்பைக்குத்தான். ஒரு மத்தியானம் அவர் தாளைத் தூக்கிக்கொண்டு அறையைவிட்டு ஓடிவந்தார். "மாறல! ரெண்டாவது தசமத்துலதான் கொஞ்சூண்டு அசையுது, மத்தபடி மாறல!" வாசிப்பு நிஜமாக நடந்த இடத்தில் பிள்ளைகள் தேறியிருக்கிறார்கள். பதிவேட்டில் மட்டும் நடந்த இடத்தில் தேறவில்லை. ஓட்டுநர் அவரைக் கட்டிப்பிடித்துவிட்டார்.

வெளியூர்த் தட்டச்சாளர் எழுதிய பிரதிகளும் வந்தன. அதனால் அறிக்கையில் மாறியது ஒரே ஓர் இடம். முப்பத்தொன்றாம் பக்கத்தில், 'மூன்று பள்ளிகளில் நடக்காத நாட்களுக்கும் பதிவேட்டை மொத்தமாக நிரப்பியதாக ஆசிரியர்களே கூறினர்' என்று இருந்தது. மூன்று என்பதை நான்கு என்று நான்தான் திருத்தினேன். யார் அந்த நாலாவது ஆள் என்று எனக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமல் திருத்தினேன்.

பேட்டி கொடுத்த பள்ளிகளுக்கெல்லாம் அறிக்கை போயிற்று. அடுத்த ஞாயிறு டீச்சரம்மா அந்தப் பிரதியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தாள். நன்றியக்கா சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் பின்னால் வந்து நின்றாள்.

"அண்ணி, முப்பத்தொண்ணாம் பக்கத்துல நாலு ஸ்கூல்னு போட்டிருக்கே. அந்த நாலுல ஒண்ணு நான்."

நன்றியக்கா குழாயை மூடினார். திரும்பவில்லை.

"அவர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப செஞ்சது. யார்கிட்டயும் சொல்லல, அண்ணன்கிட்டகூட. அந்தப் பேட்டியிலதான் வாய்விட்டுச் சொன்னேன். புத்தகம் வந்ததும் முதல்ல அதைத்தான் தேடினேன். யாரோ எனக்குத் தெரியாதவங்க முழுசா கேட்டு எழுதியிருக்காங்க. பேரும் வெளிய வரல. இதை விட்டிருந்தாங்கன்னா நான் செத்தே போயிருப்பேன் அண்ணி. அவ்வளவு பயந்து சொன்னது ஒண்ணுமில்லாம போயிருக்கும்."

நன்றியக்காவால் உண்மையைச் சொல்ல முடியாது; பதிவைக் கேட்டவர் வாயைத் திறக்கக் கூடாது. ஈரக் கையோடு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாராம். அவள் இது ஏதோ தனக்காக அழுவது என்று நினைத்து, "ஐயோ, ஒண்ணும் ஆகல அண்ணி, நான் நல்லாத்தான் இருக்கேன்" என்று சமாதானம் சொன்னாளாம்.

இதெல்லாம் நடந்து பல வருடமாகிவிட்டது; போன மாதம் டீச்சரம்மா ஓய்வு பெற்றாள். பணம், ஆணை எல்லாம் கைக்கு வந்த பிறகு, ஒரு மாலை நன்றியக்கா என்னையும் வீட்டுக்குக் கூப்பிட்டார். சாட்சிக்கு என்றார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மூன்று பேரும் உட்கார்ந்ததும் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் அவளிடம் சொன்னார். சுவரில் ஒட்டிய விதியை மீறியது, பதினெட்டாவது நிமிடம், 'தெளிவாகக் கேட்கவில்லை'.

டீச்சரம்மா கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தாள்.

"அப்ப நாலு முதல்ல மூணாத்தான் இருந்ததா?"

"ஆமா."

"என்னைக் காப்பாத்தவா அண்ணி?"

"ஆமா."

"அப்புறம் ஏன் திருப்பிச் சேர்த்தீங்க? எனக்கு வேலை போயிருந்தா?"

"தெரியல டீச்சரம்மா. நீ பயந்துக்கிட்டே சொன்னது என் காதுல விழுந்தது. அதுக்கப்புறம் ராத்திரி பகல் எனக்கு அதேதான் கேட்டுக்கிட்டு இருந்தது. நீ சொன்னதை இல்லன்னு ஆக்க நான் யாரு?"

டீச்சரம்மா தன் நாற்காலியை இழுத்து அண்ணிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எனக்கு அங்கே வேலை முடிந்துவிட்டது என்று தெரிந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.